டோஃபுவின் தாய்மாமன்

“நகரு மாப்பிள்ளை, பொம்பளைங்களுக்கு முதல்ல” என்று டியூக்கின் மூக்கை முழங்காலால் ஒதுக்கிவிட்டு, சோற்றுத் தட்டை லைச்சியின் முன்னால் வைப்பாள் சாமுண்டீஸ்வரி. லைச்சி அவளுக்கு மதினி. லைச்சி பெற்ற டோஃபு மருமகள். டியூக்கும் லைச்சியும் ஒரே ஈற்றில் பிறந்தவர்கள். ஆகவே டியூக் மதினியின் தம்பி, வீட்டு மாப்பிள்ளை. யார் வயிற்றில் யார் பிறந்தது என்று கேட்டால், ஏழு ஈற்றுக்கு முன்னால் போய் நிற்பாள்.

சுங்கை தெங்கா பக்கம் மரங்களுக்கு நடுவே இருக்கிறது அந்த நாய்ப் பண்ணை. எல்லாம் பஞ்சுப்பொதி போன்ற வெள்ளை மால்டீஸ்கள். செம்பவாங்கிலிருந்து சாமுண்டி பஸ் மாறி மாறி வருவாள். அறுபதைத் தாண்டிய குள்ள உருவம், முட்டிவரை ரப்பர் பூட்ஸ், நெற்றியில் திருநீறு. அவள் மேல் நாய் வாடை வீசாது. கோடாலித் தைலம்தான் வீசும். இரண்டு மூக்குத் துளையிலும் தடவிக்கொண்டுதான் கூண்டு கழுவுவாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளியான மேடம் கோ என்பவர் நாய் வளர்ப்புத் தொழிலின் சொற்களைச் சொல்லிக் கொடுத்தார். டாக் என்றால் எல்லா நாயும்தான் என்று இவள் நினைத்திருந்தாள். அங்கே டாக் என்றால் ஆண் மட்டும், நாம் கடுவன் என்போமே, அது. தகப்பன் ‘சையர்’, தாய் ‘டேம்’, இணைசேர்க்க விடும் ஆண் ‘ஸ்டட்’. பெட்டைக்கு உள்ள சொல் ‘பிட்ச்’ என்று கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டாள். அரை ஆங்கிலமும் அரை மலாயுமாக அவள் சொன்னது இதுதான்: “ஐயோ மேடம், அந்த வார்த்தைக்கு எங்க அடுக்குமாடி புளோக் காப்பிக்கடைல நாற்காலி பறந்திருக்கு லா!” தொழிலில் அது வெறும் பெயர்தான் என்று மேடம் சிரித்தார். இருக்கட்டுமே. பெற்றுப் பால் கொடுக்கிறவளை அப்படிக் கூப்பிட இவளுக்கு நா எழவில்லை. எல்லோருக்கும் உறவு வைத்துவிட்டாள்.

உறவு வைத்தால் முறை பார்க்காமல் இருக்க முடியுமா?

சென்ற வருடம் மேடம் முட்டி அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது டோஃபு பருவத்துக்கு வந்தாள். ஆணாக அப்போது பண்ணையில் இருந்தவை இரண்டே, மேக்ஸும் டியூக்கும். மேக்ஸை இவள் கிட்டவே விடவில்லை. அவன் டோஃபுவுக்குப் பெரியப்பா மகன். “அண்ணன் முறைடா, சீ, அந்தப் பக்கம் போ!” மிஞ்சியவன் டியூக். மேடம் போனில் ஒன்றே ஒன்று கேட்டார்: “சேம் ஃபேமிலியா?” இவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நோ மேடம். டிஃபரன்ட் ஃபேமிலி.” தாயோடு பிறந்தவன் வேறு குடும்பம்தானே? பங்காளியா என்ன?

இணை சேர்த்தாயிற்று. கம்பூன்றிக்கொண்டு திரும்பி வந்த மேடம், டோஃபுவின் வயிற்றைப் பார்த்தார், டியூக்கைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார்.

“சாமுண்டி, டியூக் அவளுக்கு அங்கிள் லா!”

“யெஸ் மேடம், அங்கிள். மதர் பிரதர். கேன் மேரி.”

“ஹூ சேஸ் கேன்?”

“மை ஹஸ்பண்ட் ஆல்சோ மை அங்கிள், மேடம்.”

மேடம் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பொய்யில்லை. சாமுண்டியின் தாய்க்கு உடன்பிறந்த கடைசித் தம்பிதான் ரெங்கசாமி. தூக்கி வளர்த்த அக்காளே அவருக்கு மாமியார். பிறந்தது ஒரே மகன், சேதுபதி. “உங்கப்பா உனக்குத் தாத்தா முறையும்தாண்டா” என்று அவனைக் கேலி செய்யாத சொந்தக்காரர் இல்லை. அவன் பொங்கோலில் குடும்பத்தோடு நன்றாகவே இருக்கிறான். அந்தத் தைரியத்தில்தான் இவள் டோஃபுவின் பிரசவத்துக்குக் காத்திருந்தாள்.

குட்டிகள் மூன்று. கண் திறந்து, தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியதும் கால்நடை மருத்துவர் நிரஞ்சனா வந்தார். முதுகுப்பக்கம் நின்று ஒரு தகரக் கிண்ணத்தைக் கீழே போட்டார். இரண்டு குட்டிகள் துள்ளி விழுந்தன. மூன்றாவது தன் வாலைக் கடித்துக்கொண்டிருந்தது.

“இதுக்குக் காது கேட்கல, ஆன்ட்டி.”

“நான் சேர்த்து வச்சதாலயாம்மா?”

“ரத்தம் ரொம்பக் கிட்ட வந்தா இப்படி ஆகலாம். ஆகாமலும் இருக்கலாம். வெள்ளை நாய்ங்களுக்கு இது எப்படியும் கொஞ்சம் உண்டு.”

“அப்ப பாதிப் பழி என்னோடதா, முழுசா?”

“நான் டாக்டர், ஆன்ட்டி. ஜட்ஜ் இல்ல.”

அன்று முதல் பண்ணையில் மதினியும் இல்லை, மருமகளும் இல்லை. “டேம் சாப்பிட்டாச்சு மேடம். ஸ்டட் குளிச்சாச்சு.” அந்த ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டு, விரலால் பெட்டையைக் காட்டுவாள். மற்ற இரண்டு குட்டிகளுக்கும் வீடு கிடைத்தது. காது கேளாததை வந்தவர்கள் எல்லோரும் கொஞ்சினார்கள், யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை காப்பகத்திலிருந்து ஆள் வரும் என்றார் மேடம். அங்கே இருக்கும் நூறு நாய்களின் குரைப்பில், தன்னை யார் கூப்பிடுகிறார்கள் என்று அறியாத ஒன்று மூலையில் கிடக்கும் என்பது சாமுண்டிக்குத் தெரியும்.

தானே எடுத்துக்கொள்ளலாம் என்றால், தடை வீட்டில் இருந்தது. ரெங்கசாமி செம்பவாங் கப்பல்பட்டறையில் துரு தட்டும் சுத்தியலோடு காலம் கழித்தவர். பட்டறை அவர் காதை எடுத்துக்கொண்டது. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால், கூடத்து விளக்கை ஒரு தடவை அணைத்துப் போடுவாள், திரும்பிப் பார்ப்பார். மற்றபடி கத்திச் சொன்னாலும் வேண்டியதுதான் விழும். குட்டி விஷயம் மட்டும் முதல் தடவையிலேயே விழுந்துவிட்டது.

“சாமி படம் இருக்கிற வீட்டுல நாயா? அது வந்தா நான் தேக்காவுல கோயில் மண்டபத்துல போய்ப் படுத்துக்குவேன்.”

“போங்க மாமா. அங்க டிவி இல்ல.”

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மேடமிடம் போய், “ஐ டேக்” என்றாள். மேடம் குட்டியோடு ஒரு பழைய துண்டையும் கொடுத்தார், டோஃபுவின் வாசனை இருக்கட்டும் என்று.

கதவைத் திறந்தபோது ரெங்கசாமி முதுகைக் காட்டி டிவியின் கீழே ஓடும் எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தார். குட்டியைத் தரையில் விட்டாள். அது நேராகப் போய் அவர் கட்டைவிரலை முகர்ந்தது.

“ஏய்! யாரைக் கேட்டுக் கொண்டாந்தே? ச்சூ, போ! போங்கிறேன்!” அவர் குரல் அடுத்த புளோக்குக்குக் கேட்டிருக்கும். குட்டி நிமிரக்கூட இல்லை. “என்னடி இது, எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டேங்குது?”

சாமுண்டி தன் காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினாள். பிறகு அவரைச் சுட்டிக் காட்டினாள்.

அவர் குட்டியைக் குனிந்து பார்த்தார். அதன் தலைக்குப் பின்னால் மெல்ல ஒரு சொடுக்குப் போட்டார். இன்னொன்று போட்டார். தன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

அவள் அடுக்களைக்குப் போய்ச் சோறு போட்டாள். ஒரு தட்டில் ரசம், ஒரு கிண்ணத்தில் வெறும் சோறும் கொஞ்சம் மீனும். இரண்டையும் வைத்துவிட்டு வந்து, கூடத்து விளக்கை ஒரு தடவை அணைத்துப் போட்டாள்.

இரண்டு தலைகளும் திரும்பின.