மேரி சொல்லாத பெயர்

என் முகத்தில் காறித் துப்ப மேரிக்கு எல்லா நியாயமும் உண்டு. அவள் துப்பவில்லை. துப்பியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே எனக்கு வந்திருக்காது.

நான் செங்கல்பட்டுக் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவன். பெயர் வேதாந்தம். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து காலை ரயிலில் வந்து, புளியமரத்தடியில் சாய்வு மேசையைப் போட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை என் வாய் ஓயாது. நல்ல கையெழுத்து, கெட்ட வாய் என்று வக்கீல் குமாஸ்தாக்கள் என்னைப் பற்றிச் சொல்லுவார்கள். உண்மைதான். மனு எழுத வருகிறவர்கள் பாட்டன் காலத்துக் கதையிலிருந்து ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வழவழன்னு பேசாதே, விஷயத்துக்கு வா" என்று ஒரு சத்தம் போடுவேன். பாதிப் பேர் அதோடு அடங்கிவிடுவார்கள்.

1956, கார்த்திகை மாதம். இரண்டு நாளாகப் பிடித்த தூறல் விடவில்லை. மேரி ஆறு வயதுப் பெண் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கடலோரச் சேரி ஒன்றிலிருந்து வருகிறாள். திருக்கழுக்குன்றம் வரை நடை, அங்கிருந்து பஸ். சவுக்குத் தோப்பில் மரம் வெட்டிக் கட்டுக் கட்டுகிற வேலை; உள்ளங்கை இரண்டும் வெடித்துக் கிடந்தன.

"சாமி, எங்க வூட்டுக்காரரு மேல வாரண்டு கீதான்னு பாக்கணும்" என்றாள்.

விஷயம் இதுதான். 1950-ல் தோப்புக்காரரின் ஏஜெண்ட், விழுந்த சுள்ளியைக்கூடச் சேரி ஜனங்கள் பொறுக்கக் கூடாது என்று தடுத்திருக்கிறார். கைகலப்பாகி ஏஜெண்டின் கை முறிந்தது. ஐந்து பேர் மேல் கேஸ். நான்கு பேர் கோர்ட்டுக்குப் போய், ஆளுக்கு மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்துவிட்டார்கள். ஐந்தாவது ஆள் மேரியின் புருஷன். தான் அடிக்கவேயில்லை, தனக்கெதற்கு ஜெயில் என்று வாய்தாவுக்கு முந்தின நாள் ரயிலேறிக் கோலார் தங்கவயலுக்கு ஓடிவிட்டான். மேரி அப்போது மூன்று மாதக் கர்ப்பம். பிறந்த பெண் மார்கரெட் அப்பன் முகத்தைப் பார்த்ததே இல்லை. தங்கவயலிலிருந்து வந்த ஒரு ஆளிடம் இப்போது சொல்லி அனுப்பியிருக்கிறான்: வாரண்ட் தீர்ந்துபோயிருந்தால் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், கோர்ட்டில் விசாரித்து எழுது என்று.

வாரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றும் லேசுப்பட்ட காரியமில்லை. பெயரைச் சொன்னதும் புரட்டிப் பார்க்கக் கோர்ட்டில் அகராதியா வைத்திருக்கிறார்கள்? முதலில் எந்த வருஷம், எந்த ஸ்டேஷன் கேஸ் என்று தெரிய வேண்டும். பிறகு ஸ்டாம்பு ஒட்டி ஒரு தேடுதல் மனு. ஆள் கிடைக்காத கேஸ்களுக்குத் தனிப் பதிவேடு உண்டு. அதில் ஆளின் பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றும் ஒத்துப்போனால்தான் வாரண்ட் அவனுடையது. ஒன்று மாறினாலும் வேறு ஆள் என்று பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள்.

பேனாவை எடுத்துக்கொண்டு, "ஆள் பேரைச் சொல்லு" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் அக்கிரகாரத்திலும் உண்டு, அவர்கள் சேரியிலும் உண்டு. வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களான பிறகும் அதை அவர்கள் விடவில்லை. மடியிலிருந்து நாலாய் மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். மாதா கோயிலில் கொடுத்த கல்யாணச் சீட்டு.

"இதுல கீது சாமி. ஆனா இது கோயில்ல வச்ச பேரு. ஊர்ல அவர..."

"கோயிலில் வச்சா என்ன, குளத்தில் வச்சா என்ன? பேர் பேர்தானே! வழவழன்னு பேசாதே, பேப்பரைக் குடு."

கொடுத்துவிட்டாள். சாலமோன், தகப்பன் பெயர் மோசஸ். அழகாக எழுதினேன். என் கையெழுத்தில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

பதிவேட்டுக் குமாஸ்தா கஸ்தூரிரங்கன் எனக்கு வேண்டியவர். என்னையும் உள்ளே கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்த வருஷத்துப் பக்கங்களைப் புரட்டினார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு போனார். அந்தக் கடலோர ஊரின் பெயர் ஒரே இடத்தில்தான் வந்தது.

"எல்லப்பன், தகப்பன் முனியன். உம்முடைய ஆளா ஓய்?"

"இல்லை. நம்ம ஆள் சாலமோன், தகப்பன் மோசஸ்."

"அப்படின்னா இல்லை. வேறே எவனோ."

அவர் பதிவேட்டை மூடினார். அந்தப் பெயரை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். வெளியே தூறலில் நின்ற பெண்பிள்ளையிடம் போய், எல்லப்பன் என்று யாராவது உங்கள் ஊரில் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. கேட்கவில்லை.

"போ, உன் புருஷன் மேல் ஒரு வாரண்டும் இல்லை" என்றேன். அங்கேயே தபால் கார்டு ஒன்றை வாங்கித் தங்கவயலுக்கு நானே எழுதினேன். "கோர்ட்டில் தேடிப் பார்த்தாயிற்று. உன் பேரில் வாரண்ட் இல்லை. தைரியமாக வரலாம்." மேரி இரண்டு கையையும் கூப்பினாள். அந்தக் குழந்தை கார்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றது. ஈரக் கையை வைக்காதே என்று அதையும் அதட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் அவன் வந்து சேர்ந்தான். மார்கரெட்டுக்குச் சிவப்பு ரப்பர் வளையல் வாங்கி வந்திருந்தான். பகலிலேயே தெருவில் நடந்தான், கோயிலுக்குப் போய் முன்வரிசையில் முழந்தாளிட்டான், பழைய கூட்டாளிகளோடு கடற்கரையில் உட்கார்ந்து பேசினான். ஊர்க் காவல் பார்க்கிற தலையாரி கண்ணில் பட்டும் ஒதுங்கவில்லை. எதற்கு ஒதுங்க வேண்டும்? கார்டு சட்டைப் பையில் இருந்ததே.

பண்டிகை முடிந்த மூன்றாம் நாள் காலை, தலையாரியோடு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மார்கரெட் வாசலில் சவுக்குச் செத்தையைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"எல்லப்பன் இருக்கானா?"

"அப்டி யாரும் இங்க இல்லீங்க. எங்கப்பா பேரு சாலமோன்" என்றதாம் குழந்தை.

தலையாரி அவளைத் தாண்டி உள்ளே கையை நீட்டிக் காட்டினான்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. ஜனவரி முதல் வாரத்தில் ஏதோ மனுவோடு கோர்ட்டு வராந்தாவில் நின்றிருந்தேன். டவாலிச் சேவகன் வாசலுக்கு வந்து, "எல்லப்பன்! எல்லப்பன்! எல்லப்பன்!" என்று மூன்று தரம் கூவினான். விலங்கு போட்ட ஒருவனைப் போலீஸ்காரர்கள் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் பின்னாலேயே மேரி ஓடினாள். அப்போதுதான் கஸ்தூரிரங்கன் பதிவேட்டில் வாசித்த பெயர் எனக்கு நினைவுக்கு வந்தது.

அவளை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு வந்து, "பாவி, அவனுக்கு இன்னொரு பேர் இருக்குன்னு ஏன் சொல்லலை?" என்று அவளிடமே கத்தினேன். அப்போதும் கத்தத்தான் தெரிந்தது எனக்கு.

"சொல்ல வந்தேன் சாமி. நீங்கதான் வழவழன்னு பேசாதேன்னீங்க." அவள் குரலில் குற்றம் சாட்டுவதாக ஒன்றுமே இல்லை. "அவுங்க குடும்பமே ஒண்ணா ஞானஸ்நானம் வாங்கிச்சு. அன்னிலேர்ந்து வூட்ல பழைய பேர யாரும் சொல்றதில்ல. தோப்புக்காரரு, கணக்குப்பிள்ள, போலீசு, அவுங்களுக்கு மட்டும்தான் பழைய பேரு. நீங்க கோர்ட்ல கீறவரு, உங்களுக்குத் தெரியாதது இன்னா கீதுன்னு நெனச்சேன்."

நான் அந்த மரத்தடியிலேயே செத்துப்போயிருக்கலாம்.

வக்கீல் ஒருவர் காலைப் பிடித்து, தேடுதல் மனுவின் நகலோடு நடந்ததை எல்லாம் மாஜிஸ்டிரேட்டிடம் சொல்ல வைத்தேன். அப்படியும் ஆறு மாதம் போட்டார்கள். அன்றே ஓடாமல் நின்றிருந்தால் மூன்று மாதத்தோடு போயிருக்கும். ஆனால் அவன் மனசை முறித்தது ஜெயில் இல்லை. போலீஸ் வண்டியில் ஏறும்போது அவன் மேரியைப் பார்த்து, "என்னக் கூட்டியாந்து காட்டிக் குடுக்க உனக்கு இன்னாடி குடுத்தானுங்க?" என்று கேட்டான். நான் முன்னால் போய், "அவள் மேல் தப்பில்லைப்பா, தப்பு என்னுடையது. கார்டு எழுதினவன் நான்தான்" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீயும் அவங்க ஆளுதான" என்றான்.

மேரி ஒவ்வொரு மாதமும் ஜெயிலுக்குப் போனாள். ஒரு தடவைகூட அவன் வந்து முகம் கொடுக்கவில்லை. மூன்று முறை கடிதம் எழுதி உள்ளே அனுப்பினேன், பதிலில்லை. விடுதலை நாளன்று காலையில் அவளும் குழந்தையும் வாசலில் காத்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். அவன் வெளியே வந்தான். மார்கரெட் வளையல் கையைத் தூக்கி, "நைனா" என்று கூப்பிட்டது. அவன் ஒரு நிமிஷம் நின்றான். குழந்தையின் தலையில் கையை வைத்தான். மேரியைப் பார்க்கவேயில்லை. பிறகு ரயில் ஸ்டேஷன் பக்கம் விறுவிறுவென்று நடந்துவிட்டான். மேரி பின்னால் போகவில்லை. கால் வரவில்லை என்று பிறகு சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து அவள் மட்டும் என் மேசைக்கு வந்தாள். தங்கவயலுக்கு ஒரு கார்டு எழுத வேண்டும் என்றாள். நடந்ததை நடந்தபடியே எழுதினேன், என் தப்பை ஒளிக்காமல். விலாசத்துக்குப் பெயர் எழுதும் இடம் வந்ததும், பழக்க தோஷம், கல்யாணச் சீட்டுக்காகக் கையை நீட்டினேன்.

அவள் எதையும் எடுக்கவில்லை. நிமிர்ந்து நின்றுகொண்டு, மரத்தடியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"சாலமோன் என்கிற எல்லப்பன். தகப்பன் பேரு மோசஸ் என்கிற முனியன்."

யாரோ ஒருவன் சிரித்தான். நான் எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது.

மூன்று வாரத்தில் கார்டு என் விலாசத்துக்கே திரும்பி வந்தது. இந்த இரண்டு பெயரிலும் இங்கே ஆள் இல்லை என்று தபால்காரர் எழுதியிருந்தார். மேரி அடுத்த முறை வந்தபோது அதைக் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்தேன். கார்டை வாங்கிக் கல்யாணச் சீட்டோடு சேர்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ மூணாவதா ஒரு பேரு வச்சிகினாரு" என்றாள். "அது எனக்குத் தெரியாது சாமி."