மேற்கே போய் வடக்கே இறங்கிய பரிசல்

காலை ஆறு மணி, எட்டுப் பேர், அஞ்சலை. 1959இல் பெண்ணையாற்றில் அணைத் தண்ணீர் வந்த ஒரு நாளை நினைத்தால் எனக்கு இந்த மூன்றும்தான் ஞாபகம். பத்திரிகைக்கு வருமுன் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் பரிசல் ஓட்டினேன். கண்டக்டர், கடைக்காரர், குமாஸ்தா என்று நாலு பேரைச் சமாளித்துப் பிழைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஆற்றைச் சமாளித்துவிடலாம், ஏறுகிறவர்களை முடியாது.

அஞ்சலைக்குப் பத்து மணிக்கு விழுப்புரத்தில் ஆசிரியப் பயிற்சி நேர்காணல். தவறினால் மறுபடியும் நடவு வேலைதான்.

மேற்கே

அக்கரை வடக்கே. ஆனால் தண்ணீர் கிழக்கே இழுக்கும். அதனால் பரிசலைக் கரையோரமாக மேற்கே இழுத்துப் போய் அங்கிருந்து விட்டால்தான் எதிர்த்துறையில் சரியாக இறங்கலாம். வெள்ள நாளில் இன்னும் தூரம் போக வேண்டும்.

மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டையோடு வந்த கோவிந்தசாமிக்கு இது பிடிபடவில்லை. அஞ்சலை வீட்டார் நடவு நடுவது அவர் நிலத்தில்தான். சேற்றில் கால் புதையப் புதையக் கத்தினார்: "வடக்கே போறவனை மேற்கே இழுத்துக்கினு போறியே, கிரிவலமாடா இது?"

எடை

பரிசலில் எடை பார்த்து எதிரெதிராக உட்கார வைக்க வேண்டும். கோவிந்தசாமி கனத்த ஆள். அஞ்சலை அடுத்த நடைக்கு வரட்டும் என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை, எல்லோருக்கும் தெரியும். அடுத்த நடை என்றால் அக்கரையில் விழுப்புரம் பஸ் போய்விடும்.

மூட்டையை எதிரே வைத்தும் பரிசல் அவர் பக்கமே சாய்ந்தது. "அந்தப் பொண்ணு ஏறணும், இல்லாட்டி நீங்க எறங்கணும்" என்றேன். பின்னால் நின்ற வெற்றிலைக்காரி பொறுமையிழந்தாள்: "ஆத்துக்கு யாரு எந்தத் தெருன்னு தெரியாதுங்க, எடைதான் தெரியும். ஜல்தி நகருங்க!"

சுழல்

நடு ஆற்றில் ஒரே நுரை. பரிசல் தட்டாமாலை சுற்றியது. அசையாமல் இருந்தால் சுழலே வெளியே தள்ளிவிடும். கோவிந்தசாமியோ அம்மனைக் கூப்பிட்டபடி எழுந்து நின்றுவிட்டார். விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது.

எதிரே இருந்த அஞ்சலை எட்டி அவர் கையைப் பிடித்து, இழுத்து உட்கார வைத்தாள். "உக்காருங்கய்யா! சாமிகிட்ட நீங்க நாளைக்குப் போங்க, நான் இன்னிக்கு விழுப்புரம் போவணும்!"

கரை

சுழல் எங்களைத் துறைக்கு வெகு கீழே கொண்டுபோய் விட்டது. கரையேறும்போதே பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. அஞ்சலை ரோட்டைப் பார்த்தபடி நின்றாள்.

மூட்டை ஏற்ற வந்திருந்த வண்டி கரையோரமாக எங்களைத் தேடி வந்தது. கோவிந்தசாமி அவள் பிடித்த கையைச் சற்று நேரம் பார்த்தார், துண்டால் துடைக்கவில்லை. வண்டிக்காரனிடம் சொன்னார்: "மூட்டை கெடக்கட்டும். கூட்டு ரோட்டுக்கு ஓட்டு, அங்க வேற பஸ் வரும். ஏறும்மா, மணி ஆவுது."

இதிலெல்லாம் ஒரு நடைக்கு மேல் பெரிதாக எதுவுமில்லை என்றுதான் பரிசல்காரர்கள் சொல்வார்கள். 1962 ஜூனில் அஞ்சலை காணைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார்.