முனியாண்டி கல்லில் இரண்டு பூ

காளியண்ணன் முப்பது வருடமாகத் தேயிலை வெட்டுகிறவர். தோட்டத்து முனியாண்டிக்குப் பூசாரியும் அவர்தான்.

அந்தச் சாமிக்குக் கோயில் கிடையாது. தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு கல், அவ்வளவுதான். காட்டை அழிப்பதற்கு முன் சாமியிடம் பூ கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மண்வாரி இயந்திரம் ஓட்டுகிற தமிழன் எவனும் ஏறி உட்கார மாட்டான். கல்லில் இரண்டு செம்பருத்தியை ஒட்டுவார். வலப்பூ முதலில் விழுந்தால் உத்தரவு; இடப்பூ விழுந்தால் மரத்தில் கை வைக்கக் கூடாது. உத்தரவானதும் கல்லை மேலே, புதுக் காட்டோரத்துக்குத் தூக்கிப் போவார்கள்.

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் வலது. விழாமல் என்ன செய்யும்? இடப்பூவுக்குச் சந்தனத்தைக் கெட்டியாக அப்புவார். வலப்பூவுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர். வெயிலில் அது காய நூறு எண்ணினால் போதும்.

நான்காவது முறை மகள் சுபத்ராவுக்காக. மேலே வரப்போகும் தக்காளிப் பண்ணையில் அவளுக்கு வேலை தருவதாகச் சீன முதலாளி தவுக்கே சொல்லியிருந்தார்.

நல்ல வெயில். நூறு எண்ணினார். இருநூறு. வலப்பூ அசையவில்லை. பின்னால் மண்வாரி உறுமியது; காட்டிலிருந்து ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை. முந்நூறில் இடப்பூ சந்தனத்தோடு மெல்ல வழுக்கி இறங்கியது, யாரோ விரலால் தள்ளியதுபோல.

மண்வாரியில் இருந்த மகேனுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. “என்ன மாமா, சாமி தூங்கிட்டாரா? வலதா, இடதா?”

வலது என்று ஒரு சொல் சொன்னால் போதும். பூவை மாற்றி வைக்கக் கை நீட்டினார். கல் சில்லென்று நனைந்திருந்தது. துடைத்தார், மறுபடியும் நனைந்தது. கல்லுக்குப் பின்னால் மண்மேட்டில் விரல் நுழையும் அளவுக்குப் புது வெடிப்பு. அதிலிருந்து கலங்கல் நீர் கசிந்தது. வெடிப்பு சரிவின் குறுக்கே நீளமாகப் போயிருந்தது. மழை பெய்து நாலு நாளாகிறது.

“இடதுடா. மிஷின நிறுத்து.”

“தவுக்கே நாளைக்குக் கோலா தெர்லாவுலேர்ந்து வேற பூசாரியக் கூட்டிட்டு வருவாரு லா.”

“கூட்டிட்டு வரட்டும். நிறுத்துடா!”

இயந்திரம் அடங்கியது. அப்போதுதான் இருவருக்கும் கேட்டது. காலுக்கடியில், ஆழத்தில், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மகேன் குதித்து இறங்கினான். நேர் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள் எட்டு.

சுபத்ரா வாசலிலேயே நின்றிருந்தாள். “என்னப்பா, வேலை உறுதியா?”

சரிவில் ஓடி வந்த காளியண்ணனுக்கு மூச்சு வாங்கியது.

“அந்தக் கடைசி வீட்லேர்ந்து தட்டிட்டு வா. ஒருத்தர்கூட உள்ள இருக்கக் கூடாது.”