வெறுங்கையோடு நடந்த சாக்கம்மா

வேலை வெட்டி இல்லாமல் கையை வீசிக்கொண்டு தெருவில் நடப்பதா? நினைத்தாலே சாக்கம்மாவுக்கு உடம்பு கூசியது. போச்சம்பள்ளிப் பக்கம் களை பறித்தும் மாந்தோப்பில் கூடை சுமந்தும் அறுபதைத் தாண்டியவள் அவள். அவள் நடந்த நடையெல்லாம் ஏதாவது ஒரு வேலைக்குப் போன நடைதான்.

மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் அடங்கவில்லை. துணை சுகாதார நிலையத்து நர்ஸ் மாதேஸ்வரி அவளை முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் பார்த்து, அவள் உடம்புக்கென்றே ஒரு பயிற்சி சொன்னாள்.

"உங்க எடது முட்டிக்கு மேடு ஆகாதும்மா. சமதரையில நடங்க. பேச முடியணும், பாட்டுப் பாட மூச்சு பத்தக்கூடாது, அந்த வேகம் போதும். பாரம் தூக்காதீங்க. மாத்திரையையும் உட்டுடாதீங்க."

"நான் நடக்காத நடையா?"

"அது கூலிக்கு. இது உங்களுக்கு."

ஊர் சிரிக்குமே என்ற பயத்தில் சாக்கம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். காலிக் குடத்தின் வாயைத் துணியால் மூடி, இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிவரை போவாள், வருவாள். கேட்பவர்களிடம் தண்ணீருக்குப் போவதாகச் சொல்வாள். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு ராஜாத்தி ஒரு நாள் வழிமறித்தாள். "இந்த வயசுல தண்ணி சொமக்க உட்டுட்டாளா உம் மருமவ? பாவம்க்கா நீ."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாக்கம்மா பெருமூச்சு விட்டாள். யாரும் பரிதாபப்பட்டுப் பார்த்திராத பிறவி. அந்தப் 'பாவம்' நெஞ்சுக்குள் வெல்லமாய்க் கரைந்தது. மறுநாள் ராஜாத்தி வாசலில் நடையைத் தளர்த்தவும் செய்தாள்.

அந்த வாரக் கடைசியில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த மருமகள் அருணாவின் கண்கள் சிவந்திருந்தன.

"பஸ்ஸு பூரா கேக்கறாங்க அத்தே. மாமியாளை வேலைக்காரியா வெச்சிகினு சம்பாதிக்கறாளாம் நானு. உங்களுக்கு நான் இன்னா கொற வெச்சேன்?"

சாக்கம்மா குடத்தைக் கதவுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். மறுநாள் ஷிப்டுக்குக் கிளம்புமுன், அத்தை தண்ணீருக்குப் போகக்கூடாதென்று, நின்றுகொண்டே பாதித் தூக்கத்தில் வீட்டுக் குடம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டிருந்தாள் அருணா. அதைப் பார்த்த நொடியில்தான் சாக்கம்மாவுக்கு உறைத்தது. தாயில்லாப் பெண்ணின் பேரைத் தின்றல்லவா தன் வெட்கத்தை மறைத்திருக்கிறாள்.

அன்று மாலை பஸ் வரும் நேரத்துக்கு வெறுங்கையோடு தெருவில் இறங்கினாள். கை வீசி நடந்தாள். வாசல்களில் பேச்சு நின்றது.

"இன்னாக்கா, ஜமீன்தாரம்மா மாதிரி?" ராஜாத்தி சிரித்தாள்.

"பிபிக்கு நடக்கறேன். அன்னிக்கும் அதுக்குத்தான் நடந்தேன். குடத்துல பொட்டுத் தண்ணி இல்ல. எம் மருமவ என்னை ஒரு வேலையும் ஏவுனதில்ல. நீ பாவம்னப்ப நான் சும்மா இருந்தேன். அது என் தப்பு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பாள்.

திரும்பினால், பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்களுக்கு நடுவே அருணா நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருப்பாள். திட்டட்டும் என்று தலைகுனிந்தாள் சாக்கம்மா.

அருணா அருகில் வந்தாள். "முட்டி வலிக்குதா அத்தே?" என்றாள்.

அறைந்திருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது. நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள் சாக்கம்மா.