தலைப்புச் செய்தியில் சின்ன மாமா

எங்கள் வீட்டுக்குப் பெரிய டிவி வந்தபோது, டிவியைவிட அது வந்த அட்டைப்பெட்டிதான் எனக்கும் அக்காவுக்கும் பிடித்துப்போனது. அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஒன்பது. பெட்டியின் முன்பக்கத்தைச் சதுரமாக வெட்டி உள்ளே முக்காலி போட்டு உட்கார்ந்தால் நான் செய்தி வாசிப்பாளர். எதை வாசிப்பது என்று முடிவுசெய்பவள் அக்கா.

ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் சிங்கப்பூர் தெம்பனிஸில் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். அப்பா காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்துவிடுவார். பெரியம்மா குடும்பம் வரும். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தம்பியான சின்ன மாமா, அத்தையோடு வருவார். அவர்கள் சாப்பிடும்போது எங்கள் ஒளிபரப்பு.

முதல் அறிக்கை படுதோல்வி. அம்மாவின் ஆர்க்கிட் பூத்திருக்கிறது, அக்காவுக்கு நீச்சலில் பதக்கம், பெரியப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று, டிவியில் வரும் அம்மையாரைப் போலத் தோளை நிமிர்த்தி நல்ல தமிழில் வாசித்தேன். பெரியப்பா தட்டிலிருந்து தலையை எடுக்காமல் "குட், குட்" என்றார். அம்மா அப்பாவிடம் ரசம் வேண்டுமா என்று கேட்டார். முட்டிவலி குறைந்தவருக்கே தன் செய்தியில் அக்கறை இல்லை.

எனக்கு அழுகை முட்டியது. அக்கா பெட்டிக்குள் தலையை நீட்டினாள்.

"நல்லதா சொன்னா யாரும் பாக்கமாட்டாங்க லா. டிவியில பாரு, கெட்டதைத்தான் முதல்ல போடுவாங்க."

அடுத்த வாரம் கெட்டதைத் தேடினோம். தாராளமாகக் கிடைத்தது. லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காமல் போகிறது. மைனா சமையலறைக்குள் புகுந்து அப்பளத்தைக் கொத்திவிட்டது. முறுக்கு டின்னில் எறும்பு. கடைசிச் செய்தியை வாசித்து முடிப்பதற்குள் பெரியம்மா கரண்டியோடு எழுந்துவிட்டார்.

"எந்த டின்னு? நான் கொண்டாந்ததா?"

அப்பா லிஃப்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் பாயசம் வரும்வரை நிறுத்தவில்லை. அத்தனை முகங்கள் ஒன்றாக என் பக்கம் திரும்பி நான் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து நல்ல செய்திகள் அறிக்கையின் வாலுக்குப் போயின. நேரமிருந்தால் வாசிப்பேன்.

ஜூன் விடுமுறை முடியும் சமயத்தில் எங்களுக்குச் செய்திப் பஞ்சம் வந்தது. லிஃப்ட் சரியாகிவிட்டது. மைனாவையும் காணோம். அந்த ஞாயிறு மாமாவும் அத்தையும்கூட வரவில்லை. அத்தைக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்க வேண்டும், களைப்பாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், அறையில் சார்ஜில் கிடந்த அம்மாவின் கைப்பேசி அடித்தது. எடுத்தேன். மாமா.

"அம்மா எங்க, கண்ணு?"

"சாப்பாடு போடுறாங்க மாமா."

"உடனே போய்ச் சொல்லு. எங்க வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில இருக்கோம். பாப்பா பொறந்தாச்சு. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அவர் சிரித்தார், யாரோ கூப்பிடவே போனை வைத்துவிட்டார். நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் தாடையில் கைவைத்து யோசித்தாள்.

"பாப்பா நல்ல செய்தி. அது பின்னாடி. ஆஸ்பத்திரியை முதல்ல போடு."

பெட்டிக்குள் உட்கார்ந்தேன். "வணக்கம். தலைப்புச் செய்தி. சின்ன மாமா அவர் வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். விவரங்கள் சிறு இடைவேளைக்குப் பிறகு."

அக்கா முன்னால் வந்து மசாலாத் தூள் விளம்பரம் பாடத் தொடங்கினாள்.

"ஐயோ, தம்பி" என்று பெரியம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. பெரியப்பா எல்லாருக்கும் முன்னால் போய் லிஃப்ட் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார். அம்மா மாமாவைத் திரும்பத் திரும்ப அழைத்தார், அவர் எடுக்கவில்லை. விளம்பரம் முடிந்து, "அவருக்குப் பெண் குழந்தை பிறந்துள்ளது, தாயும் சேயும் நலம்" என்று நான் வாசித்தபோது எதிரே இருந்தவை பாதிச் சோறோடு தட்டுகள் மட்டுமே.

"ரெண்டு பேரும் செருப்பு போடுங்க" என்று வாசலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

பெரியம்மாவும் பெரியப்பாவும் முதல் டாக்சியில் போய்விட்டார்கள். அடுத்ததில் நாங்கள். பாதி வழியில் அம்மாவின் கையைத் தொட்டு மீதிச் செய்தியைச் சொன்னேன். அம்மாவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு என் தலையில் ஒரு கொட்டு வைத்து, அதே கையால் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு சிரித்தார், அழுதார். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து ஏதோ கேட்டார். அப்பா "பேபி, பேபி" என்றார். "வாவ், கங்கிராட்ஸ் லா" என்று அவரும் சிரித்தார்.

பெரியம்மாவும் பெரியப்பாவும் அவசரத்தில் கைப்பேசிகளை எங்கள் வீட்டிலேயே விட்டுப் போயிருந்ததால், முதல் டாக்சிக்கு இந்தச் செய்தி எட்டவில்லை. நாங்கள் போனபோது, பிளாஸ்டிக் பையில் வாங்கிய காப்பியோடு நின்ற மாமாவின் தோளையும் முகத்தையும் பெரியம்மா தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் மாமா அவரிடம். "பாப்பா உள்ள இருக்கு. வாங்க."

மீன் குழம்பு மணக்கும் கைகளோடு வந்த எங்கள் எல்லாரையும் தாதி கழுவுதொட்டிக்கு அனுப்பினார். பிறகுதான் பாப்பாவைப் பார்க்க விட்டார். அத்தையின் பக்கத்தில் சிவப்பாக, கைவிரல்களை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள்.

எங்கள் ஒளிபரப்பில் இதுதான் பெரிய வெற்றி என்று நான் பூரித்துப்போனேன். பெரியவர்களுக்குக் கெட்ட செய்தி என்றால் அவ்வளவு ஆசை என்றே நம்பினேன். நன்றாக இருப்பவரைப் பற்றிக் கேட்டால் நிம்மதியாகச் சாப்பிடலாம், நன்றாக இல்லாதவருக்காக எழுந்து ஓடியாக வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அன்று எட்டவில்லை. பெரியம்மா ஏன் மாமாவின் கையை அப்புறமும் விடவில்லை என்பதும் புரியவில்லை.

பாப்பா வீறிட்டு அழத் தொடங்கினாள். யார் தூக்கியும் அழுகை நிற்கவில்லை. அக்கா என் காதில் கிசுகிசுத்தாள்.

"அடுத்த வாரம் இதை முதல்ல போடுவோம்."