கம்பு ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்

கம்பு சுற்றச் சொல்லித்தருவது சுலபம். கம்பைப் பிடித்திருப்பவரை அதைக் கவனிக்க வைப்பதற்குள் தொண்டை வறண்டுவிடும். செஞ்சியில் பெண்களுக்குச் சிலம்பம் கற்றுத்தருபவள் நான். நாலு பேரை வரிசையில் நிறுத்திப் பாடம் எடுத்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும்.

பின்னாடி மலை

சுதா, கடைவீதி ஜவுளிக்கடைக் குடும்பத்து மருமகள். வந்த முதல் நாளே செல்போனைச் செங்கல்மேல் சாய்த்து வைத்துவிட்டுத்தான் கம்பைத் தொட்டாள். கால் வைப்பது தப்பு என்று திருத்தப் போனேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரையில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை போனைப் பார்த்தால் பிடுங்கி வைப்பேன் என்றேன். நிதானமாகச் சொன்னாள்:

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாஸ்டர், பின்னாடி ராஜகிரி மலை மறையுது."

கிழிந்த உதடு

அப்புறம் போன் வெளியே தெரியவில்லை. ஒருநாள் ஜோடிப் பயிற்சி. சுதா அடிக்க வேண்டும், மலர் தடுக்க வேண்டும். மலர் தொண்டூரிலிருந்து பஸ்ஸில் வந்து இங்கே மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். சுதா இடுப்பில் ஒளித்து வைத்திருந்த போன் அதிர்ந்தது. அவள் குனிந்து பார்த்தாள்; கம்பு மட்டும் போய்க்கொண்டிருந்தது. தோளுக்கு வர வேண்டிய அடி மலரின் வாயில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் உதட்டுக்குத் தையல் போட்டார்கள்.

இனி இந்தப் பக்கம் வராதே என்று சுதாவை அனுப்பிவிட்டேன். மறுநாள் அவள் கணவர் வந்தார். அந்த நேரம் மலர் வீட்டில் ஸ்ட்ரா போட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டார்:

"சும்மா ஜாலிக்கு வர்ற இடம்தானேம்மா, இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ டென்ஷன்?"

மறுபடியும் ஜோடி

தையல் பிரித்ததும் மலர் வந்துவிட்டாள். அன்றைக்கே சுதாவும் போன் இல்லாமல் வெறுங்கையோடு வந்து, மலரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். கேட்டுட்டுப் போ என்றேன். மலர் குறுக்கே வந்தாள்.

"போவ வேணாம் மாஸ்டர். எனக்கு ஜோடியா இவங்களையே விடுங்க."

பழி தீர்க்கப் போகிறாளோ என்று பயந்து பக்கத்திலேயே நின்றேன். இந்த முறை மலர் அடித்தாள், சுதா தடுத்தாள். ஒவ்வோர் அடியும் கனமாக, நான் சொல்லித்தந்த இடத்துக்கே வந்தது. சுதா கண்ணை எடுக்கவில்லை. போதும் என்றதும் மலர் கம்பை ஊன்றி நின்றாள். தழும்பு இழுத்ததில் பேச்சு மெதுவாக வந்தது:

"இன்னிக்குத்தான் மாஸ்டர், எதிர்ல நான் ஒருத்தி நிக்கிறது இவங்களுக்குத் தெரியுது."

சுதாவைச் சேர்த்துக்கொண்டேன், கோபத்தை விடவில்லை. ஆளுக்கு ஓர் உதடு கிழிந்தால்தான் கவனம் வரும் என்றால் எங்கள் ஊரில் அத்தனை உதடு கிடையாது.