கீரிமலைக்குப் போன நாளின் ஊசி

ஆஸ்பத்திரி விறாந்தையில் போட்டிருந்த வாங்கில் நானும் மகனும் காலை எட்டரை மணியிலிருந்து உட்கார்ந்து காத்திருந்தோம். ஜெபனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான்கைந்து மாதங்களாக அவனுக்குக் களைப்பு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் வேலை செய்தான். மத்தியானமே வீட்டுக்கு வந்து படுத்துவிடுவான். சாப்பாட்டில் மனமில்லை. வெயில் என்று நினைத்தோம். பிறகு வேலை கூடிப்போயிற்று என்று நினைத்தோம். வழக்கமான இரத்தப் பரிசோதனையில் ஈரலைப் பற்றிய ஏதோ ஓர் எண் கூடியிருந்ததால் இங்கே அனுப்பியிருந்தார்கள்.

டொக்டர் இளம் பெண். அறிக்கையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“ஃபக்டர் ஊசி வீட்டிலை ஆர் போடுறது?”

“நான்தான்,” என்றேன். இரத்தம் உறைவதற்கான அந்த ஊசியைச் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு நான்தான் போட்டு வந்தேன்.

அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னப் பெருமை இருக்கும். அன்றைக்கும் இருந்தது.

ஜெபனின் இரத்தத்தில் ஹெபடைடிஸ் சி (கல்லீரலை ஓசையில்லாமல் சிதைக்கும் வைரஸ் தொற்று, இரத்தத்தின் வழியே பரவுவது) இருப்பதாக டொக்டர் சொன்னார். அது உடலுக்குள் வந்து பல வருடங்கள் ஆகியிருக்க வேண்டும் என்றார். பச்சை குத்தியிருக்கிறானா, போதை ஊசி பழக்கம் உண்டா என்று தயக்கத்துடன் கேட்டார். ஜெபன் சிரித்தான். “டொக்டர், எனக்கு அம்மாவைத் தவிர வேறை ஆரையும் ஊசி குத்த விடமாட்டன்,” என்றான்.

டொக்டர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். நான் போட்ட ஊசிகளைத்தான் அவர் யோசிக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இதை எழுதுவது, இரத்தம் உறையாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு கிளினிக்குகளில் காத்திருக்கும் தாய் தகப்பன்மாருக்காக. ஆறுதல் தேடி வாசிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். நடந்ததை மட்டுமே என்னால் சொல்ல முடியும்.

ஜெபனுக்குப் பத்து மாதமாக இருக்கும்போது மேசை விளிம்பில் மோதி மேலுதடு கிழிந்தது. சின்னக் காயம். இரண்டு நாளாகியும் இரத்தம் நிற்கவில்லை. கொழும்புக்கு அனுப்பிய பரிசோதனையில் ஈமோபீலியா (இரத்தத்தை உறைய வைக்கும் ஒரு பொருள் பிறவியிலேயே குறைவாக இருக்கும் நோய்) என்று முடிவு வந்தது. பெரும்பாலும் தாய் வழியாக மகனுக்குப் போகும் நோய் இது. பரிசோதித்ததில் என்னிடமிருந்துதான் வந்தது என்று தெரிந்தது. என் உடம்புக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

நான் மிஷன் பாடசாலையொன்றில் கணிதம் படிப்பித்தேன். என் கணவர் செல்வராசா சுன்னாகம் சந்தையில் வெங்காய வியாபாரி. பிள்ளை நடக்கத் தொடங்கியதும் வீட்டு மேசைகளின் மூலைகளுக்கெல்லாம் அவர் சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினார். ஆனால் இரத்தக் கசிவு பெரும்பாலும் வெளியே தெரியாது. அது மூட்டுக்குள் நடக்கும். முழங்கால் வீங்கிப் பளபளக்கும். பிள்ளை இரவெல்லாம் அனுங்குவான். ஆஸ்பத்திரி வாட்டில் குருதித் திரவம் ஏற்றுவார்கள். மூன்று நான்கு நாளில் வீடு திரும்புவோம். அடுத்த மாதம் திரும்பவும் போவோம்.

அவனுக்கு ஒன்பது வயதாகும்போது ஃபக்டர் (பலரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் பொடியாக்கிய உறைபொருள்) சின்னப் போத்தில்களில் கிடைக்கத் தொடங்கியது. அதை வீட்டிலேயே போடலாம் என்றார்கள். வாட்டின் மூத்த தாதி மூன்று கிழமை எனக்குப் பழக்கினார். முதலில் ரப்பர் குழாயில் குத்தினேன். பிறகு மனிதக் கையில் குத்திப் பார்க்க வேண்டும் என்றபோது என் கணவர் சேட்டின் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

“பயப்பிடாமல் குத்தும்,” என்றார்.

ஆறு தரம் பிழைத்தது. ஏழாவது தரம் நரம்பு கிடைத்தது.

அந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு நிம்மதி வந்தது. முழங்கால் வீங்கத் தொடங்கிய அரை மணித்தியாலத்துக்குள் நான் ஊசி போட்டுவிடுவேன். பிள்ளை பாடசாலைக்கு ஒழுங்காகப் போனான். ஒவ்வொரு போத்திலிலும் இருக்கும், தொகுதி இலக்கம் அச்சிட்ட ஒட்டுத்தாளை உரித்து, கெட்டி மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியில் ஒட்டி, பக்கத்தில் திகதியும் காரணமும் எழுதிவைத்தேன். வலது முழங்கால். இடது கணுக்கால். பல் விழுந்தது. அப்படி எழுதச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. கணக்கு ரீச்சரின் பழக்கம்.

பதினொரு வயதில் வகுப்புப் பெடியள் எல்லோரும் கடலோரத்துக் கீரிமலைக் கேணிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து கதைத்ததைக் கேட்டு, தானும் போக வேண்டும் என்று நின்றான். இரண்டு கிழமை விடவில்லை. கேணிப் படிகளில் பாசி இருக்கும் என்று எனக்குப் பயம். கடைசியில் சம்மதித்தேன். அன்று காலை அவனுக்கு எந்தக் கசிவும் இருக்கவில்லை. ஆனாலும் குளிர்ப்பெட்டிக்குள் புதிதாக வந்த போத்தில் ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கரைத்துப் போட்டேன்.

ஆண்களின் கேணிக்குள் தகப்பனும் மகனும் போனார்கள். நான் வெளியே இருந்தேன். சுவருக்கு அப்பால் அவனுடைய குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கண் சிவந்து, விரல் நுனிகள் வெளிறிச் சுருங்கி, பசியோடு வந்தான். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதினேன்: “கீரிமலை. முன்னேற்பாடு. காயம் இல்லை.”

ஹெபடைடிஸ் சி என்று தெரிந்ததும் மூன்று மாதம் மாத்திரை தந்தார்கள். நாளுக்கு ஒன்று. பெரிய தொந்தரவு இல்லை. முடிவில் இரத்தத்தில் வைரஸ் இல்லை என்று அறிக்கை வந்தது. அன்று பின்னேரம் என் கணவர் எங்களை யாழ் நகருக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். எங்கள் போதகர் வீட்டுக்கு வந்து நன்றி ஜெபம் செய்தார். நான் வாய்விட்டு அழுதேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வைரஸ் போய்விட்டது என்பதும் ஈரல் சுகமாகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. எங்களுக்கு அது விளங்க எட்டு மாதம் பிடித்தது. ஜெபனின் வயிறு உப்பத் தொடங்கியது. சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகிப்போதல்) என்றார்கள். வழக்கமாக இதற்கு இருபது முப்பது வருடம் எடுக்கும், சிலருக்கு மட்டும் விரைவாக நடக்கிறது, ஏனென்று தெரியாது என்றார் டொக்டர். கசிவுக்குப் பயந்து ஈரலில் துண்டெடுத்துப் பார்க்கவும் முடியவில்லை.

அதே கிளினிக்கில் வேறு பிள்ளைகளுக்கும் இதே தொற்று இருப்பது மெல்ல வெளியே வந்தது. பருத்தித்துறைப் பக்கம் கடற்றொழில் செய்யும் குடும்பமொன்றில் அண்ணன் தம்பி இருவருக்கும் இருந்தது. பத்திரிகைகள் எழுதின. ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். சந்தேகத்துக்குரிய போத்தில்களின் தொகுதி இலக்கங்கள் என்று ஒரு பட்டியலை எல்லாக் குடும்பங்களுக்கும் அனுப்பி, பழைய பதிவுகள் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள்.

மற்றவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. என்னிடம் கொப்பி இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம், அடிமட்டத்தை வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன். முழங்கால்கள், கணுக்கால்கள், பல். ஒன்றும் பொருந்தவில்லை. பக்கங்கள் குறையக் குறைய, எங்களுடைய போத்தில்கள் நல்லவை, தொற்று வேறெங்கோ இருந்து வந்திருக்கிறது என்று நம்பத் தொடங்கினேன். பிறகு ஒன்று பொருந்தியது. அந்த ஒன்று மட்டும்தான். பக்கத்தில் என் கையெழுத்து. கீரிமலை. முன்னேற்பாடு.

தேவையில்லாத ஊசி அது. நீச்சல்தான் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகப் பாதுகாப்பான விளையாட்டு என்று பின்னொரு நாள் டொக்டர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பக்கத்தைப் பற்றித் தெரியாது.

இரண்டு நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த ஒரு தாளைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். வெட்கத்தோடு இதை எழுதுகிறேன். கிழித்திருந்தால் மற்றப் பிள்ளைகளுக்காகக் காட்ட ஒரு சாட்சியும் இருந்திருக்காது. மூன்றாம் நாள் ஜெபனின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கொப்பியைத் திறந்து காட்டினேன். அவன் அந்த வரியில் விரலை வைத்து வாசித்தான்.

“அம்மா, அண்டைக்கு நான் நீந்தினனான்,” என்றான். “முதல்தரம் அண்டைக்குத்தான் நீந்தினனான். உதைக் கிழிக்காதேங்கோ.”

அவன் அதை என்னைத் தேற்றச் சொன்னானா, உண்மையாகவே அந்த நாள் அவனுக்கு அவ்வளவு பெரிதா என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

விசாரணை யாழ் நகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவர் சிங்களத்தில் கேட்டதை ஒருவர் தமிழில் சொன்னார். ஜெபன் சக்கர நாற்காலியில் இருந்தான். கால்கள் வீங்கியிருந்தன. கொப்பியின் அந்த வரியை என்னையே வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். பிறகு இறக்குமதி செய்த கம்பனியின் சட்டத்தரணி எழும்பினார். மருந்தை எந்தக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தேன், மின்சாரம் அடிக்கடி தடைப்படுமா, தாதிப் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா, ஒரே ஊசியைத் திரும்பப் பாவித்தேனா என்று கேட்டார். கேள்விகள் மரியாதையாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு கைகளை எப்படிக் கழுவுவேன் என்று கேட்டார். பதினான்கு வருடமாகக் கழுவிய முறை திடீரென்று மறந்துபோயிற்று.

ஜெபன் தன் முறை வரும்வரை காத்திருக்கவில்லை.

“அம்மாவின்ரை கையைப் பற்றி என்னட்டைக் கேளுங்கோ. அது சுத்தம்,” என்றான். “போத்திலுக்குள்ளை என்ன இருந்ததெண்டு அனுப்பினவையைக் கேளுங்கோ.”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். நீதிபதி தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். சட்டத்தரணி வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார். கொப்பியைச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஸ்கானில் ஈரலில் கட்டி தெரிந்தது. சத்திர சிகிச்சை முடியாது என்றார்கள். கடைசி மாதங்களிலும் அவனுக்கு ஃபக்டர் போட வேண்டியிருந்தது. இப்போது வருவது வேறு மருந்து, இரத்தத்திலிருந்து எடுப்பதில்லை, பயமில்லை என்று டொக்டர் சொன்னார். ஆனாலும் போத்தில் இலக்கத்தை நான் இரண்டு தரம் வாசிப்பேன். என் கணவர் பெட்டியிலிருந்து எடுத்து வந்து கரைத்துத் தருவார். ஜெபன் கையை நீட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பான். நான் பயப்படுவதைப் பார்க்கக்கூடாது என்றுதான் பார்க்காமல் இருந்தான் என நினைக்கிறேன். இருபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஐந்து கிழமை கழிந்து, ஒரு ஞாயிறு காலை, வீட்டில் இறந்தான். நானும் தகப்பனும் பக்கத்தில் இருந்தோம்.

அறிக்கை ஒரு வருடம் கழித்து வந்தது. தபாலில் வந்த போட்டோப் பிரதி. அதில் அவன் பெயர் இல்லை. சாட்சிக்கு ஓர் இலக்கம் இருந்தது. குறித்த தொகுதி மாசடைந்திருந்தது என்பதற்குப் போதிய ஆதாரம் உண்டு என்றும், தனிப்பட்ட ஒரு நோயாளிக்கு அதனால்தான் தொற்று வந்தது என்று நிறுவ இயலாது என்றும், எதிர்காலத்தில் பதிவுகள் முறையாகப் பேணப்பட வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். கம்பனி அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கொப்பியைத் திருப்பிக் கேட்டு மூன்று கடிதம் போட்டேன். அது அரச ஆவணம் என்று ஒரு பதில் வந்தது.

என் கணவர் அந்த அறிக்கையை இன்னும் வாசிக்கவில்லை. சந்தைக்குப் போகிறார், வருகிறார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்: “அண்டைக்கு நான் கையை நீட்டாமல் விட்டிருந்தால் நீர் பழகியிருக்க மாட்டீர்.” இந்த மனிதனும் தனக்கென்று ஒரு நாளைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தது.

ஒட்டுத்தாள்களை எறியாதீர்கள். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல முடியும். எல்லாவற்றையும் எழுதிவையுங்கள், பிரதி எடுங்கள், மூலத்தை ஒருவர் கையிலும் கொடுக்காதீர்கள். ஆனால் அது ஒருநாள் உங்களுக்கு என்ன காட்டும் என்பதற்கும் ஆயத்தமாக இருங்கள்.

நோய் முன்னோக்கித்தான் போகும் என்று நினைத்திருந்தேன். அது பின்னோக்கியும் போகிறது. பன்னிரண்டாவது பிறந்தநாள் படத்தில் கேக் வெட்டிக்கொண்டு நிற்கிறான். இப்போது அந்தப் படத்துக்குள் வைரஸ் இருக்கிறது. சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்றும் இருந்தது. முதல் சம்பளத்தில் எனக்குச் சேலை வாங்கி வந்த அன்றும் இருந்தது. நான் சந்தோஷமாக வாழ்ந்து முடித்த வருடங்களை இப்போதுதான் ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருக்கிறேன்.

பஸ்ஸில் எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களின் கைகளில் நரம்புகள்தான் கண்ணில் படுகின்றன. இது நல்ல நரம்பு, இது வழுக்கும் என்று விரல்கள் தாங்களாகவே எண்ணிக்கொள்கின்றன. போன கிழமை மரக்கறி வெட்டும்போது கத்தி பெருவிரலில் பட்டது. ஆழமான வெட்டு இல்லை. தண்ணீரில் காட்டாமல், துணி சுற்றாமல், பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே நின்றுவிட்டது. இவ்வளவு சின்னக் காரியம். ஒருவர் உதவியும் இல்லாமல் என் உடம்பு அதைச் செய்து முடித்துவிட்டது. எனக்கு அதன்மேல் கோபம் வந்தது. இரத்தம் காய்ந்து கறுக்கும்வரை குசினியில் அப்படியே நின்றேன்.